கயிற்றின்மேல் நிற்கும் ஆள்

"அந்த ஆளை மொதல்ல செவுத்துலேர்ந்து எறக்கு," என்றார் கலியமூர்த்தி.

வடிவு காதில் வாங்கவில்லை. முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலப்பன்சாவடியில் ஓர் ஓவியக் கல்லூரியில் அவளுக்கு உதவியாளர் வேலை. அங்கே பாடம் எடுக்கும் தேவிப்பிரியா, கல்லில் வரைந்து காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்த படம் அது. லித்தோகிராஃப் என்று பெயராம். சர்க்கஸ் கயிற்றின்மேல் ஒற்றைக் காலில் ஓர் உருவம். தலை முட்டை, தோள் முக்கோணம், கையில் குடை. கேட்டால் மாடர்ன் ஆர்ட்.

மாட்டிய அன்றே வடிவு ஆசையாகக் கேட்டாள். "எப்டிய்யா கீது?"

"அவன் மூஞ்சியும் மொகரையும்! இடுப்பு இன்னாமே, தண்ணி டேங்க்கு கணக்கா கீது?"

வடிவின் முகம் சுண்டிவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. காபி டம்ளரோடு படத்தின் முன்னால் தினமும் நின்றாள். சில நாள் சிரிக்கவும் செய்தாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வை தன் பக்கம் திரும்பியதாகக் கலியமூர்த்திக்கு ஞாபகமே இல்லை. அம்பத்தூர் பட்டறையில் லேத் ஓட்டும்போதும் அந்த முட்டைத் தலையன்தான் கண்ணுக்குள் நின்றான்.

"வர்றவன் போறவன்லாம் சிரிக்கிறான் வடிவு. ஹால்ல வாணாம்."

"சரிய்யா," என்றாள். சாயங்காலம் வந்து பார்த்தால், படம் படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் எதிரே!

கயிற்றில் நிற்பதென்ன பெரிய வித்தையா? ஞாயிற்றுக்கிழமை, வடிவு துணி துவைக்கும் நேரம் பார்த்து, அவள் கண்ணெதிரே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறிக் குடையை விரித்து ஒற்றைக் காலில் நின்றார். மூன்று எண்ணுவதற்குள் தொட்டிக்குள் இருந்தார். கணுக்கால் பணியாரமாக வீங்கியது.

கட்டுப் போட்டபடியே வடிவு சொன்னாள்: "ஒத்தக் கால்ல நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு இப்பனாச்சும் தெரிஞ்சுதா?"

வீங்கிய கால் இவருக்கு. பரிந்து பேசுவது அவனுக்கு!

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும், படத்தைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டிக் குமணன்சாவடிக்குப் போய் ஷேர் ஆட்டோ பிடித்தார். கல்லூரியில் தேவிப்பிரியாவின் மேஜைமேல் மூட்டையைப் பிரித்தார்.

"டீச்சரம்மா, உங்க சரக்கை நீங்களே வெச்சுக்கோங்க. இந்த ஆளால என் குடும்பமே கெட்டுப் போய்க்கினு கீது."

"எந்த ஆள் சார்?"

"தோ, இவன்தான்! காலு ரெண்டும் ஒலக்கை. இடுப்புக்கு பெல்ட்டு தைக்கணும்னா ரெண்டு மாட்டுத் தோலு வோணும். இந்த அழகனைப் பார்த்து என் பொண்டாட்டி தெனம் சிரிக்கிறா! யாரு இவன்? எந்த ஊரு? அட்ரஸ் குடுங்க!"

பின்னால் டம்ளர்கள் கிணுகிணுத்தன. டீத் தட்டோடு வாசலில் வடிவு நின்றிருந்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் கலியமூர்த்தி. "இவ எதிர்லயே சொல்லுங்க. அவன் யாரு?"

தேவிப்பிரியா படத்தைப் பார்த்தாள். வடிவைப் பார்த்தாள்.

"அது அவன் இல்ல சார். மூணு நாள் எங்க கிளாஸ்ல ஒத்தக் கால்ல நின்னு போஸ் குடுத்தது உங்க ஒய்ஃப்தான்."