அசையாமல் நின்றால் போதும்

"போச்சு! மறுபடியும் போச்சு!"

இயற்பியலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். லேசர் ஒளியால் நாலாபக்கமும் மடக்கிப் பிடித்த அணுக்கூட்டம் திரையில் வெள்ளைப் பொட்டாக நின்றிருந்தது. அவர் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் கலைந்துவிட்டது. மேஜை இம்மி அதிர்ந்தாலும் சிதறிவிடும் ஜாதி அது.

ஆய்வை மதிப்பிடும் குழு வரும் நேரம். பொட்டு நின்றால் இவருக்குப் பேராசிரியர் பதவி. நிற்காவிட்டால் இந்த ஆய்வுக்கூடம் சாமான் போடும் அறை. ராப்பகலாக உழைத்ததற்கு இதுவா கூலி என்று அவருக்கு அழுகையே வந்தது.

"ஏசிதான் அதிருது!" என்று ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தார். பொட்டு ஜம்மென்று நின்றது.

"பாத்தியா?" என்று ஆராய்ச்சி மாணவியிடம் பெருமையடித்தபடி உட்கார்ந்து, லேசர் மேஜையின் சட்டத்தில் பாதத்தை முட்டுக்கொடுத்தார். பொட்டு பொசுக்கென்று போனது.

"அப்ப லிஃப்ட்தான்!" அதையும் நிறுத்திவிட்டு வந்தார். பொட்டு இருந்தது. உட்கார்ந்தார். காணோம்.

"சார், கொஞ்சம் பதறாம இருங்களேன்."

"எப்படிம்மா இருக்கறது? எல்லாம் பக்கத்து ரூம் மேடம் வேலை!"

பக்கத்து அறை விஞ்ஞானிக்கும் இதே லேசர், இதே அணு, இதே தரை, இதே பிழைப்பு.

"மேடம், உங்க வேக்குவம் பம்பு அதிருது. கொஞ்சம் நிறுத்தினீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"ரோட்டுல போற லாரியால எனக்கே இங்க நிம்மதி இல்ல. நீங்க வேற! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மனிதர் வராந்தாவில் இருந்த அந்த மேடத்தின் பம்பு சுவிட்சைத் தட்டிவிட்டு வந்துவிட்டார்.

குழு வந்தது. லிஃப்ட் இல்லாமல் நாலு மாடி ஏறி, மூச்சிரைக்க, ஏசி இல்லாத அறையில் வியர்த்து வழிந்தது.

"எங்கய்யா உங்க அணு?" என்றார் தலைவர், கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

"இதோ சார்!" திரையில் பொட்டு பளிச்சென்று இருந்தது. விளக்கம் சொல்ல உட்கார்ந்தார். போயே போய்விட்டது.

"இதைப் பார்க்கவா இத்தனை படி ஏறினோம்?"

"யாரு என் பம்பை நிறுத்தினது?" என்று சீறிக்கொண்டு உள்ளே வந்தார் பக்கத்து அறை விஞ்ஞானி. வந்தவர் சட்டென்று நின்றார். பார்வை மேஜைக்கு அடியில் போனது. அங்கே, சட்டத்தில் முட்டுக்கொடுத்த இயற்பியலாளரின் கால், தையல் மெஷின் மிதிப்பதுபோல் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி மனுஷா, இந்தக் காலா? மூணு வருஷமா என் அணு நிக்கலன்னு, ரோட்டுல போற லாரியை எல்லாம் திட்டித் தீர்த்தேனே!"