மஞ்சள் கையால் நீட்டிய தேநீர்

ஒழுங்கான மனிதன் பிழையையும் ஒழுங்காகவே செய்வான். இதை நான் சொந்த உடம்பில் நிறுவியிருக்கிறேன்.

ஐம்பதைத் தாண்டியதும் என் நித்திரை கலையத் தொடங்கியது. கண்ணைக் காக்கும் லூட்டீன் என்ற மஞ்சள் நிறமி உள்ள உணவு, நித்திரைக்கும் உதவக்கூடும் என்று பத்திரிகையில் வாசித்தேன். ('உதவக்கூடும்' என்பதை 'உதவும்' என்று வாசித்தது என் கெட்டித்தனம்.) கட்டுரை கீரையைத்தான் முதலில் சொல்லியிருந்தது. ஆனால் கீரை பச்சை, நிறமியோ மஞ்சள். எனக்கு அது சரிவரவில்லை. நானே திருத்தி நேரசூசி போட்டேன்: காலையில் கரட் சாறு, மத்தியானம் பூசணிக்காய்க் கறி, பின்னேரம் பப்பாப்பழம்.

நித்திரை வந்ததோ இல்லையோ, உள்ளங்கை மஞ்சளாக வந்தது.

"இஞ்சேருங்கோ, கை என்ன இப்பிடிக் கிடக்கு?" என்றார் மனைவி.

"வேலை செய்யுது எண்டு அர்த்தம்," என்றேன் பெருமையாக.

அந்தக் கிழமைதான் உடுப்பிட்டியிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் சம்மதிப்பதுதான் மிச்சம். தேநீரை நானே கொடுப்பேன் என்று அடம்பிடித்தேன். (மரியாதையாம்!) மாப்பிள்ளையின் தாய் கோப்பையை வாங்க நீட்டிய கையை அப்படியே பின்னுக்கு இழுத்தார்.

"அண்ணை, உங்களுக்குச் செங்கமாரியோ?" (மஞ்சள் காமாலையைத்தான் கேட்டார்.)

"இல்லையில்லை, இது நித்திரைக்கு!"

மாப்பிள்ளையின் தகப்பனார் கடித்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைத் தொடாமல் எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

கூப்பிட முன்னமே மகள் குசினியிலிருந்து வெளியே வந்தாள். கையில் கரட் பை.

"மாமி, அப்பாவுக்கு வருத்தம் ஒண்டுமில்லை." (அதற்குள் மாமி!) "உந்தக் கரட்டைத்தான் ஒவ்வொரு நாளும் தின்னுறவர். செங்கமாரி எண்டால் கண்ணுமெல்லோ மஞ்சளாகும்? பாருங்கோ."

மாமி எழுந்து வந்து, என் கீழிமையை விரலால் இழுத்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண் வெள்ளைதான்," என்றவர் சிரித்துவிட்டார். "பொம்பிளை பார்க்க வந்து பொம்பிளையின்ரை தேப்பனை எல்லோ பார்த்துக்கொண்டு நிக்கிறன்! பிள்ளை, நீ தா தேத்தண்ணியை."

கலியாணம் நடந்தது. நான் இப்போது கட்டுரை சொன்ன கீரைக்கே, முருங்கையிலை வறைக்கு, மாறிவிட்டேன். நித்திரை ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. சம்பந்தி வீட்டுக்குப் போனால் மட்டும் யாரும் என்னை "வாங்கோ" என்பதில்லை. "கையைக் காட்டுங்கோ" என்கிறார்கள். காட்டிய பிறகுதான் உட்காரக் கதிரை.