பத்மினியின் கல்யாணமும் பதினான்காம் தேதி முடியும் விசாவும்

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.
மார்ச் 8, ஞாயிறு

மதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய தரணேந்திரன் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் ஸ்ரீபால், தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தர் (ஓய்வு), பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கை பத்மினியும் நலம். ஆரணியில் தாங்களும் அத்தையும் நலமாக இருக்கவும், தங்கள் முழங்கால் வலி கம்மியாகவும் அருகன் அருள்வாராக. போனில் தாங்கள் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்களில் பாதி தங்கள் காதில் விழவில்லை என்பதாலும், விழுந்த பாதிக்குத் தாங்கள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டதாலும், விவரமாக இந்தக் கடிதம்.

நம் மாடி அறைக்கு டிசம்பர் பதினைந்தாம் தேதி வாடகைக்கு வந்த மத்தியாஸ் என்பவரைத்தான் பத்மினி கட்டிக்கொள்ளப் போகிறாள். வயது ஐம்பத்து மூன்று, மனைவியை இழந்தவர், தொழில் லிஃப்ட் ரிப்பேர், நாடு சிலி. சிலி எங்கே இருக்கிறது என்று பத்மினியின் பள்ளிக்கூட உலக உருண்டையில் தேடினேன். நம் ஊரில் ஓர் ஊசியைக் குத்தினால் அந்தப் பக்கம் ஏறக்குறைய அங்கேதான் வெளியே வரும். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் டூரிஸ்ட் விசாவில் மலையைப் பார்க்க வந்து, நம் வீட்டு மாடிப்படி ஏறி, நாற்பத்தேழு வயதில் இனிமேல் யார் வரப்போகிறார்கள் என்று நாம் எல்லோரும் விட்டுவிட்ட பத்மினியைக் கேட்கிறார் என்றால், நான் இன்னும் வாயைப் பிளந்தபடிதான் இருக்கிறேன்.

“டேய், அவன்கிட்ட ஒரு குத்தம் கண்டுபிடி, அதை எழுதிக் குடுத்து நிறுத்து”னு சொன்னீங்க. தாங்கள் சொல்வதற்கு முன்பே, அவர் குடிவந்த நாள் தொட்டு இரண்டு மாதமாக நான் குற்றம் தேடிக்கொண்டுதான் இருந்தேன். சூரியன் மறைவதற்குமுன் சாப்பிட்டு முடிக்கிற சமண வீடு நம்முடையது, இதில் எப்படியும் மாட்டுவார் என்று நினைத்தேன். மனிதர் அடி அண்ணாமலையிலிருந்து வியர்க்க வியர்க்க ஓடி வந்து ஐந்தே முக்காலுக்குத் தட்டின் முன் உட்கார்ந்துவிடுகிறார். ஒருநாள் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பரவாயில்லை சாப்பிடுங்கள் என்று நானே சொன்னேன், மாமா, தாங்கள் மன்னிக்க வேண்டும். அவர் தட்டைக் கவிழ்த்துவிட்டு, “நாளைக்கு”னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாரு. கிழங்கு கேட்பதில்லை, தேன் கேட்பதில்லை, தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிப்பதில்லை. கத்தரிக்காய் நறுக்கும்போது ஒரு புழு வந்தது, அதை இலையில் எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் விட்டுவிட்டு, “இந்த மரம் அதுக்கு ஒத்துக்குமா?”னு பத்மினியை இங்கிலீஷில் கேட்டார். இருபத்திரண்டு வருடமாக உயிரியல் பாடம் நடத்துகிற பெண். தாங்கள் சிரமப்பட்டுக் கொண்டுவந்த பதினோரு வரன்களில் ஒருவர்கூட அவளை ஒரு புழுவைப் பற்றிக் கேட்டதில்லை. அன்றைக்கே அவள் மனசு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுவாரம் அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே, தலையைத் தூக்காமல், “அண்ணா, நான் அவரைக் கட்டிக்கப் போறேன். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துட்டேன். மே மாசம் அவரோட ஊருக்குப் போறேன்”னு சொன்னாள். நமக்கு முன்னால் குரல் உயர்த்திப் பேசியறியாதவள், ஒரே மூச்சில் மூன்று வாக்கியம் பேசினாள். நான் சரி என்றேன்.

அதன்பிறகுதான் அரசாங்கத்தின் விஸ்வரூபம் கண்டேன். அவர் முதல் மனைவி காலமாகிவிட்டார், இப்போது ஒண்டியாள்தான் என்று அவர்கள் தூதரகம் கொடுக்கும் சான்றிதழ் டெல்லியிலிருந்து கூரியரில் வர வேண்டும். அது தைப் பௌர்ணமி அன்றைக்குத்தானா வர வேண்டும், ரோடு முழுக்க கிரிவலக் கூட்டம், ஆட்டோ கிடையாது, கூரியர்காரர் நேரில் வந்து வாங்கிக்குங்கன்னு சொல்லிட்டாரு. அவர் கடை நம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் கூட்டம் வருகிற திசையில். லட்சம் பேரை எதிர்த்து எப்படிப் போவது? மத்தியாஸ் யோசிக்கவே இல்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக மலையையே ஒரு சுற்று, பதின்மூன்று கிலோமீட்டர் நடந்து, பின்பக்கமாக அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தார். மிச்சம் ஒரு கிலோமீட்டரும் நடந்து வீட்டுக்கு வந்து, காலில் கொப்புளத்தோடு சான்றிதழை நீட்டினார். நான் முப்பத்து நான்கு வருடம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன், ஒரு காகிதத்துக்காக இத்தனை தூரம் நடந்த மனுதாரரைப் பார்த்ததில்லை. எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

இதற்கிடையில் நான் செய்த ஒரு காரியத்தையும் தங்களிடம் மறைக்கக் கூடாது. வீட்டில் வெளிநாட்டார் தங்கினால் வீட்டுக்காரர் காவல்துறைக்கு சி ஃபார்ம் அனுப்ப வேண்டும். டிசம்பரில் அதில் வந்த நோக்கம் ‘சுற்றுலா’ என்று நானே பதிந்திருந்தேன். பத்மினி சொன்ன நாளிலிருந்து அது பொய்யாகிவிட்டதே என்று எனக்குத் தூக்கம் இல்லை. வாய்மை நம் விரதம் அல்லவா. ஆகவே ‘மேற்படி நபர் வந்த நோக்கம் சுற்றுலாவிலிருந்து திருமணமாக மாறியுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். மறுநாளே மூன்று பேரையும் கூப்பிட்டுவிட்டார்கள். எழிலரசி என்று ஒரு அதிகாரி, என் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, “சார், டூரிஸ்ட் விசாவுல வந்து கல்யாணம் பண்ணிக்கறது குத்தமே இல்ல. வந்தப்போ சுத்திப் பாக்கத்தானே வந்தாரு? அப்புறம் எதுக்கு இது?”ன்னாங்க. உண்மைக்காக என்றேன். அவங்க என் கடிதத்தை மடிச்சு என்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. பிறகு மத்தியாஸிடம், விசா பதினான்காம் தேதி முடிகிறது, அதற்குள் கல்யாணச் சான்றிதழ் கையில் இருந்தால் விசாவை மாற்ற விண்ணப்பிக்கலாம், இல்லாவிட்டால் கிளம்பிவிட வேண்டும், மறுபடி விசா எப்போது கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று நிதானமாக விளக்கினார்கள். பத்மினி அந்தத் தேதியைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். பதிவாளர் அலுவலகப் பலகையில் பத்மினியின் பெயரும் சிலி நாட்டுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன். அதை எவரோ படம் எடுத்து நம் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் போட்டு, அதன் பிறகுதான் தாங்கள் எனக்குப் போன் செய்தது. ஆறாம் தேதியோடு முப்பது நாள் முடிய வேண்டியது. மூன்றாம் தேதி ஓர் ஆட்சேபம் தாக்கலாகியிருக்கிறது. ஆட்சேபம் வந்தால் விசாரித்துத்தான் முடிவு சொல்ல வேண்டுமாம், அதற்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகலாமாம். விசாவுக்கு இன்னும் ஆறே நாள். எழுதியவர் பெயரைத் திருமணப் பதிவு அதிகாரி பத்மினியிடம் போனில் சொல்லவில்லை. எதிர்வீட்டுப் பிரகாஷ், “உங்க மாமாவாத்தான் இருக்கும் சார், அவருக்குத்தான் கோவம் ஜாஸ்தி”ன்னான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்மினி அழவில்லை. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே இருக்கிறாள், ஒரே கட்டை இரண்டு தடவை ஆய்கிறாள். மத்தியாஸ் மாடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அதில் ஒன்றும் வைக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் இரண்டையும் பார்க்க முடியவில்லை, மாமா. நாளை திங்கட்கிழமை விசாரணை.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளவும், மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளவும். இந்த வீட்டில் நல்லது நடக்கத் தங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல் தட்டாத
ஸ்ரீபால்

பின்குறிப்பு (திங்கள்): ஞாயிறு தபால் இல்லாததால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. அந்த ஆட்சேபத்தை எழுதியது நான்தான். மேலே எங்கும் நான் பொய் எழுதவில்லை, வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள், யார் என்று எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். எழுதச் சொன்னது தாங்கள், ஆனால் தாங்கள் சொன்ன காரணம் ஒன்றும் அதில் இல்லை. இன்று விசாரணையில் திருமணப் பதிவு அதிகாரி அன்புச்செல்வி எங்கள் மூவர் முன்னாலும் அதை வாய்விட்டுப் படித்துவிட்டார்கள்: ‘என் மனைவி யமுனா காலமானபின் இந்த வீட்டில் என்னோடு பேசுவதற்கு இருப்பது மேற்படி பத்மினி ஒருத்திதான். அவள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை. ஆகவே இத்திருமணத்தை அனுமதிக்க வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ படித்துவிட்டு, “சார், வயசு, ஏற்கெனவே கல்யாணம், நெருங்கின ரத்த சொந்தம், இந்த மாதிரிதான் சட்டத்துல இருக்குது. இது இல்லீங்களே”ன்னு சொல்லி, இரண்டே நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்மினி அந்தக் காகிதங்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். “அண்ணா, இதை என்கிட்ட ஒரு தடவ வாயால சொல்லியிருந்தா போதுமே. எதுக்கு மூணு காப்பி?”ன்னு கேட்டாள். மாமா, அந்த அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் நான் அழுதுவிட்டேன். வியாழன் காலை பதினொரு மணிக்குக் கல்யாணம், நீங்களும் அத்தையும் வந்துவிடுங்கள்.