கைச்சட்டைக் கிராணியின் கறுப்புக் கட்டங்கள்

சிகாமட் வட்டாரத்தில் மனிதன் பயப்படுவதற்கு என்னென்ன உண்டோ, அத்தனையையும் கம்பளி நூலில் பின்னி ஒரு தகரப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். நான் வாத்தியாராக இருந்த ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணி அவர். கிராணி என்றால் துரைக்கு அடுத்தபடி. ஆபீஸ் எழுத்து வேலை முழுவதும் அவர் கையில். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். தோட்டத்து ஜனங்களுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை. அவர்களுக்கு அவர் கைச்சட்டைக் கிராணி.

கைச்சட்டை என்று அவர்கள் சொன்னது கையுறையை. அதிலும் ஐந்து விரலுக்கும் ஐந்து வீடு கட்டிய கையுறை இல்லை. கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை. மற்ற நாலும் கூட்டுக் குடித்தனம். பனி கொட்டுகிற சீமையில் போட்டுக்கொள்ளும் சமாசாரம். சிகாமட் இருக்கிற எங்கள் ஜொகூரிலோ காலை ஒன்பது மணிக்கே முதுகில் ஆறு ஓடும். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அவர் வருஷத்துக்கு ஏழெட்டு ஜோடி பின்னினார், ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு சித்திரம். பழைய துரையின் சம்சாரம் பொழுது போகாமல் இவருக்குப் பின்னக் கற்றுக்கொடுத்து, சீமைக்குத் திரும்பும்போது ஊசிகளையும் ஒரு மூட்டைக் கம்பளி நூலையும் கொடுத்துவிட்டுப் போனாளாம். நூல் தீர்ந்தால் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வரவழைப்பார்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஆறடி உயரம், வெள்ளைக் கோட்டு, சிரிப்பு என்பதே கிடையாது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது அவர் ஒரு தடவை தொண்டையைச் செருமினால், இடுப்பில் இருக்கும் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும். என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பயப்படுவதில் நான் சாமானியன் அல்ல. இடி, பாம்பு, காய்ச்சல், துரையின் நாய், துரை என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். அந்த வரிசையில் முதலிடம் கிராணிக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுண்ணாம்புக்கட்டி கேட்க ஆபீசுக்குப் போனேன். மத்தியானம், துரை பங்களாவில் தூங்குகிற நேரம். கிராணி இரண்டு முனையும் கூரான ஐந்து ஊசிகளை வைத்துக்கொண்டு கறுப்பும் வெள்ளையுமாக எதையோ சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தார். ஏதோ சித்திரவதைக் கருவி என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இரும் வாத்தியார். உமக்கு என்னத்துக்குப் பயம்?"

"அட்டைக்குங்க ஐயா."

"வேறை?"

"புலிக்குங்க."

"வேறை?"

உங்களுக்குத்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்தால் ஒரு ஜோடி கைச்சட்டை. பச்சை நிறத்தில், உடம்பெல்லாம் நெளிகிற கறுப்பு அட்டைகள். அதைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

"போட்டுப் பாரும். இனி அட்டை உம்மட கையுக்குள்ளை. அது உம்மைப் பிடிக்கேல்லை, நீர்தான் அதைப் பிடிச்சிருக்கிறீர். விளங்குதே?"

அவருடைய வைத்தியம் இதுதான். எதற்குப் பயமோ அதைக் கட்டம் போட்ட தாளில் வரைவது. கறுத்த கட்டம் ஒரு நிறம், வெறும் கட்டம் இன்னொரு நிறம். அதைப் பார்த்துப் பின்னிக் கையில் மாட்டிக்கொள்வது. வைத்தியம் எனக்குப் பலிக்கவில்லை. அன்று மாலையே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அட்டை ஒன்று என் காலில் ஏறியது. கைச்சட்டை போட்ட கையால் பிடுங்கப் பார்க்கிறேன், நாலு விரலும் ஒரே அறைக்குள் முட்டிக்கொள்கின்றன. அட்டை சாவகாசமாகக் குடித்துவிட்டுத்தான் இறங்கியது.

எல்லைக்காட்டுப் பக்கம் புலியின் அடிச்சுவடு தெரிந்தபோது நடந்ததுதான் பெரிய கூத்து. கிராணி மூன்றே நாளில் மஞ்சளும் கறுப்புமாக வரி வரியாகப் பின்னி மாட்டிக்கொண்டு, மழை மூட்டமான ஒரு காலையில் மரங்களைப் பார்வையிடக் கிளம்பினார். வழியில் மூச்சு வாங்கியது போலிருக்கிறது, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றிருக்கிறார். மரத்துக்கு அந்தப் பக்கம் பால் வெட்டிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு நிமிர்ந்து பார்த்தால், மரத்தைச் சுற்றி இரண்டு வரிப்புலிக் கைகள்! அவன் போட்ட சத்தத்தில் தோட்டம் பாதி மரத்தின் மேல், பாதி ஆற்றுக்குள். சத்தம் கேட்டதும் பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன் நான். அதை இன்றைக்கும் ஞாபகப்படுத்துகிறவர்கள் சிகாமட்டில் இருக்கிறார்கள்.

ஆறு பெருகி ஆபீசுக்குள் வெள்ளம் வந்த வருஷம், கிராணி அலமாரியின் உச்சியில் ஏறி உட்கார்ந்து அலைச் சித்திரம் பின்னினார். படகு ஜன்னலோரம் வந்து நிற்கிறது, தண்ணீர் அலமாரியின் பாதிக்கு ஏறிவிட்டது, நாங்கள் கத்துகிறோம். அவர் கையைக் காட்டி, "பொறுங்கோ, இன்னும் ஒரு சுத்து இருக்கு" என்றார். பயமே அறியாத மனிதர் என்று நாங்கள் வியந்தோம். எவ்வளவு பெரிய மடையர்கள்!

பிறகு ரப்பர் விலை விழுந்தது.

செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள் என்ற செய்தி முதலில் வந்தது. அப்புறம் சட்டியும் பாயும் ஏற்றிய மாட்டுவண்டிகள் எங்கள் சாலையிலேயே ரயிலடிக்குப் போக ஆரம்பித்தன. வண்டியில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் துரையும் ஆள் குறைக்கப் போகிறார், பட்டியல் எழுதுவது கிராணி என்று பேச்சு அடிபட்டது.  என் மனைவி மரகதத்துக்கு அப்போது ஏழாம் மாதம். நான் இந்த ஊருக்கு வந்த கப்பலில், பிரசவத்தில் இறந்துபோன ஒரு பெண்ணைச் சாக்கில் சுற்றிக் கடலில் இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். அதை மரகதத்திடம் சொன்னதே இல்லை. அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாக்குத்தான் நினைவுக்கு வந்தது.

ஒரு மத்தியானம் ஏதோ வேலையாக ஆபீசுக்குள் நுழைந்தேன். கிராணி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று ஒரு புத்தகத்தை எடுத்து அதன் மேல் போட்டு மூடினார். ஆனால் வாத்தியார் கண் பார்த்துவிட்டது. கட்டம் போட்ட தாள். ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு கட்டம். சிலது வெறுமை, சிலது மையால் கறுத்திருந்தது.

எங்கள் தோட்டத்தில் குடியிருப்பு ஆறு லயம், லயத்துக்குப் பன்னிரண்டு அறை.

என் அறை இரண்டாம் லயத்தில் ஐந்தாவது. தாளில் இரண்டாம் வரிசையில் கறுப்பு ஒன்றே ஒன்றுதான். ஐந்தாவது கட்டம். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்றாள் மரகதம். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லிச் சொன்னேன். அவளும் அதே வார்த்தையைச் சொல்லி, அடுத்த அறை அஞ்சலையிடம் மட்டும் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் எழுபத்திரண்டு அறையும் பள்ளிக்கூடத்தில் கூடிவிட்டது.

"வாத்தியாரே, எங்க கட்டம் கறுப்பா வெள்ளையா? சொல்லுங்க வாத்தியாரே!"

பயம் வந்தால் எனக்கு ஞாபகசக்தி பொங்கும். கரும்பலகையில் ஆறு வரிசையும் போட்டு, கறுத்த கட்டங்களில் சுண்ணாம்பைத் தேய்த்து நிரப்பிக் காட்டினேன். அழுகை கிளம்பியது. நாலாம் லயத்தில் ஒரு அறை பாக்கியில்லை, பன்னிரண்டும் போயிற்று. அஞ்சாம் லயத்தில் இரண்டு ஓரமும் மட்டும் தப்பியது. முதல் லயத்தில் ஒரே ஒரு கட்டம். அது தண்டல் முனியாண்டியின் அறை. வேலைக்காட்டில் ஆட்களை விரட்டுகிற அந்த மனிதர், பலகையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தப்பியவர்களுக்கும் நிம்மதி இல்லை. அண்ணன் வெள்ளையில், தம்பி கறுப்பில். மகள் கறுப்பில், தாய் வெள்ளையில்.

மறுநாள் காலை பெரட்டு முடிந்தும் ஒருவரும் காட்டுக்குப் போகவில்லை. தோட்டமே ஆபீஸ் வாசலில் நின்றது. நாலாம் லயத்துப் பெண்கள் பூசணிக்காய், முருங்கைக்காய், காலைக் கட்டிய ஒரு கோழி எல்லாம் கொண்டு வந்து படியில் வைத்தார்கள். கிராணி வெளியே வந்து கோழியைப் பார்த்தார். கோழி அவரைப் பார்த்தது.

முனியாண்டி கைகூப்பினார். "கிராணி ஐயா, ஒங்களப் பத்தி நான் பேசுனதெல்லாம் தப்புங்க. அந்தக் கட்டத்த மட்டும் அழிச்சிருங்க. புள்ளகுட்டிக்காரங்க நான்."

"எந்தக் கட்டம்?"

"மொத வரிசைல அஞ்சாவதுங்க."

கிராணி கண்ணை மூடி யோசித்தார். தாளை மனத்துக்குள் பார்க்கிறார் என்று இப்போது தெரிகிறது. "அதை அழிக்கேலாது" என்றார். "அதை அழிச்சால் புகை எங்கையிருந்து வரும்?"

முனியாண்டியின் கண் மேலே செருகியது. "புகையா? ஐயோ, எரிக்கப் போறாங்களாம்டி!" என்று யாரோ அலற, கூட்டம் படி வரைக்கும் நெருக்கியது. அந்தச் சத்தத்தில் துரை நாயோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். துரைக்கும் எங்களிடம் பயம் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி.

"என்னா இது? கிராணி! பத்து நாள் ஆச்சு, லிஸ்ட் எங்கே?" என்று தோட்டத் தமிழில் கத்தினார்.

கிராணி உள்ளே போனார். தாளையும், ஐந்து ஊசிகள் தொங்கும் ஒரு கைச்சட்டையையும் கொண்டு வந்தார். பாதி பின்னியிருந்த அந்தக் கைச்சட்டையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

கப்பல்.

மேலே புகை, அதற்குக் கீழே புகைக்கூண்டு, கூண்டுக்கடியில் அறைகள், அப்புறம் நீளமான மேல்தளம், சரிந்து இறங்கும் அடிப்பக்கம். கரும்பலகையில் நான் போட்டுக் காட்டியதும் இதே கப்பல்தான். அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவர் கண்ணுக்கும் கப்பல் தெரியவில்லை. அவரவர் கட்டத்தைத்தான் பார்த்தோம். நாலாம் லயம்தான் மேல்தளம். முனியாண்டி புகை. என் அறையும் மரகதமும் பிறக்கப்போகிற பிள்ளையும் புகைக்கூண்டு.

"லிஸ்ட் இல்லை, துரை" என்றார் கிராணி. பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார். "பத்து நாளாய்ப் பேனையைத் தொட்டால் கை நடுங்குது. ஒரு பேர் எழுதேலாமல் கிடக்கு. ஊசியைத் தொட்டால்தான் நடுக்கம் நிக்குது. அதுதான் கப்பலைப் பின்னினனான்."

வலது கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் எல்லோரும் நடுங்கிப் பார்த்த அந்தக் கை, வேப்பிலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. புலிக்கும் வெள்ளத்துக்கும் எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தவர் அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.  நாலாம் லயத்துக் கிழவி ஒருத்தி படியேறிப் போய், அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துரை கைச்சட்டையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். என்ன நினைத்தாரோ, அடுத்த வாரம் உத்தரவு வந்தது. யாரையும் அனுப்பப் போவதில்லை. எல்லாருக்கும் வாரத்தில் வேலை நாள் குறைவு. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டோம். அரை வயிறுதான், ஆனாலும் கூண்டோடு இருந்தோம். பட்டியல் கேட்டால் கம்பளியைக் காட்டுகிற கிராணி மட்டும் தேவையில்லை என்று துரை முடிவு செய்தார். எழுபத்திரண்டு அறைக்காரர்களும் பயந்த கப்பலில் கடைசியில் ஏறியது அவர் ஒருவர்தான்.

வழியனுப்ப ரயிலடிக்குப் போனேன். நாலாம் லயம் முழுக்க வந்திருந்தது. கோழியும் வந்திருந்தது; அவர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"பயமா இல்லீங்களா ஐயா?"

"இருக்கு, ஏன் இல்லாமல்? ரயிலுக்கை இருந்து பின்னலாம்." ஒரு பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "வீட்டை போய்ப் பிரியும். மனிசியைக் கவனமாய்ப் பாரும்."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். இடது கைச்சட்டையில் கப்பல், புகையோடு. வலது கையில் கப்பல் இல்லை. சாம்பல் நிறக் கோடுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கட்டங்கள். ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. துரை கேட்ட பட்டியலை எழுதி முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எழுபத்திரண்டும் வெள்ளை.

என் மகள் இரண்டாம் லயத்து ஐந்தாவது அறையிலேயே பிறந்தாள். அவளுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. எனக்குப் பயம் மட்டும் குறையவில்லை. இடி இடித்தால், டாக்டர் கூப்பிட்டனுப்பினால், பெட்டியைத் திறந்து அந்த வலது கையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். "இந்த வெயில்ல கம்பளியா? கழட்டுங்க, பாக்கவே புழுங்குது" என்று மரகதம் திட்டுவாள். உள்ளே கை வேர்த்துக் கொட்டும். கழற்ற மனம் வராது.