பதினேழாம் நம்பர் குறை

குறை கண்டுபிடிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். ஹைதராபாத் கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராக இருந்தேன். ஹோட்டலில் தோசை வந்தால்கூட எத்தனை இடத்தில் கருகியிருக்கிறது என்று எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவேன். (இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?)

ஸ்டெல்லாவின் அப்பா கொடுப்பதாக இருந்தார். போலாரத்தில் நாற்பது வருடமாகத் தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடுகிறவர் சாமுவேல் அங்கிள். அவர் பாட்டு இல்லாமல் செகந்திராபாத் தமிழ்ச் சபைகளில் கிறிஸ்துமஸே கிடையாது. பல வருடம் கழித்து ஒரு புது ஆல்பம். சி.டி.யை என் கையில் கொடுத்து, "கேட்டுட்டு மனசுல பட்டதை எழுதிக் குடுங்க தம்பி. விழா முடியட்டும், கல்யாணப் பேச்சை எடுக்கலாம்" என்றார்.

அட மடையா, 'பிரமாதம்' என்று ஒரு வரி எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? நான் எக்ஸெல்லைத் திறந்தேன். வரிசை எண், பாட்டு, குறை, தீவிரம் என்று கட்டம் போட்டேன். மொத்தம் இருபத்து மூன்று குறைகள். அச்செடுத்து, உறையில் போட்டு, வெளியீட்டு விழாவில் பெருமையாக நீட்டினேன்.

மனிதர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போதகரிடம் கொடுத்து, "நம்ம வீட்டு மாப்பிள்ளையா வரப்போறவர் எழுதினது. மைக்ல படிங்க ஐயா" என்றார்.

"ஒன்று. முதல் பாட்டு. தபேலா முந்துகிறது. தீவிரம், நடுத்தரம்" என்று போதகர் ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. ஐந்தாவதில் சிரிப்பு நின்றது. போதகரும் நிறுத்தப் பார்த்தார்.

"கைக்கூ? ஏன் நிறுத்துறீங்க? படிங்க" என்றார் அங்கிள் ஹைதராபாத் உருது கலந்து, முகத்தில் புன்னகை மாறாமல்.

"பதினேழு. ஆறாவது பாட்டு, கடைசிச் சரணம். குரல் உடைகிறது. தீவிரம், மிக அதிகம். மறுபடி பாடிப் பதிவு செய்யவும்."

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார்.

வாசலில் ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். "அது அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்து எழுதின பாட்டுடா. நக்கோ, வேண்டாம், ஒண்ணும் பேசாதே. போயிடு."

போனேன். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. அவள் போனை எடுக்கவில்லை. இந்த வாயையும் இந்தக் கையையும் வைத்துக்கொண்டு இனி எந்த ஊரில் போய் வாழ்வது என்று புழுங்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அங்கிளே கூப்பிட்டார். மேசைமேல் என் தாள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே சிவப்பு மையில் 'சரி', 'உண்மை', 'அடுத்த தடவை' என்று எழுதியிருந்தார். பதினேழுக்கு எதிரே மட்டும், 'திருத்த மாட்டேன்'.

"கோபம் இன்னும் போகலை தம்பி" என்றார். "ஆனா மத்தவங்க எல்லாம் அட்டையைப் பார்த்துட்டு நல்லாருக்குன்னாங்க. கடைசிச் சரணம் வரைக்கும் கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

வெட்கமில்லாமல் அழுதேன்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் சாம்பாரில் உப்பு கூட என்று நான் வாயைத் திறந்தால் போதும், "பதினேழு" என்பாள் ஸ்டெல்லா. திருத்த மாட்டாளாம். மகளிடம் கையெழுத்து கோணல் என்றேன் நேற்று. "பதிஹேடு, டாடி" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.