ஒன்பது தொட்டியும் ஒரு முட்டி வலியும்

இனிமேல் இந்த வாயில் ஒரு சொட்டுக் கஷாயம்கூட இறங்காது. முடிவு செய்துவிட்டேன். காலையில் எழுந்தால் காபி. அது என் பிறப்புரிமை!

பால்கனியில் ஒன்பது தொட்டிகளில் மூலிகை வளர்க்கிறாள் என் மனைவி. தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்து ஒரு நோயைக் கண்டுபிடிப்பாள். தும்மினால் துளசி. ஏப்பம் விட்டால் ஓமவல்லி. "எனக்கு ஒண்ணுமே இல்லடி" என்றால், "ஒண்ணுமே இல்லன்னு தோணுறதே பித்தம்தான்" என்று நிலவேம்பை நீட்டுவாள். கஷாயம் குடித்த நாளில் காபி கிடையாது. நான் காபி குடித்துப் பதினேழு நாளாகிறது.

ஆனால் நான் யார்? இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபது வருஷ சர்வீஸ். எந்த நோய் பாலிசியில் சேராது என்று தோண்டித் துருவிக் கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்பது தொட்டிகளையும் அப்படித்தான் ஆராய்ந்தேன். சளி, ஜுரம், அஜீரணம் எல்லாவற்றுக்கும் செடி இருந்தது. ஓட்டை ஒன்றே ஒன்றுதான். முட்டி!

திங்கட்கிழமை காலை நொண்டிக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.

"ஐயோ, முட்டி வலி தாங்கலையே!"

அவள் பால்கனிக்குப் போய் ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"இதுக்கு நம்மகிட்ட செடி இல்லையேங்க."

"இல்லையா? அடடா! பரவாயில்ல, ஒரு காபி குடு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கறேன்."

பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. நுரையோடு! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உதட்டருகே கொண்டுபோனேன். பக்கத்துப் பால்கனியிலிருந்து அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"முட்டி வலியா? மொட்டை மாடியில முடக்கத்தான் கொடி வச்சிருக்கேனே! முட்டிக்கு அதை விட்டா வேற கிடையாது."

என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி அக்காவிடம் நீட்டினாள் மனைவி.

"நல்ல நேரத்துல சொன்னீங்கக்கா, இதைக் குடிங்க. நான் போய் ரெண்டு கைப்பிடி பறிச்சுட்டு வந்துடறேன்."

"வேண்டாம்! வலி போயிடுச்சு!" என்று கத்தினேன்.

"நான் சிரமப்படக் கூடாதுன்னுதானே சொல்றீங்க?"

"சும்மா சொல்றேனா? இப்பப் பாரு!"

மொட்டை மாடிக்கு நாலு மாடி ஏற வேண்டும். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினேன். அதே வேகத்தில் இறங்கினேன். வாசலில் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

"பாத்... பாத்தியா? முட்டி வலியாவது... ஒண்ணாவது! குடு... காபி!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முட்டி நல்லாத்தாங்க இருக்கு. ஆனா மூச்சு இப்படி இரைக்குதே! கவலைப்படாதீங்க, அதுக்கு ரெண்டு தொட்டி ஆடாதோடை வச்சிருக்கேன்."