கலந்தாலோசிப்பவர் வீட்டு முயல்

கலந்தாலோசிப்பவர் என்றொரு ஜீவன் நம்மிடையே நடமாடுகிறது. பார்த்தால் நம்மைப் போலத்தான் இருக்கும். சட்டை போட்டிருக்கும், வேலைக்குப் போகும், குடும்பம் நடத்தும். ஆனால் குளியலறைக்கு எந்த பல்பு போடுவது என்பதில் தொடங்கி, தலைவலிக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்குவதா பின்னால் விழுங்குவதா என்பது வரைக்கும், நாலு பேரைக் கேட்காமல் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடாது. முடிவெடுக்கத் தெரியாதவர் என்று இவரை நினைத்துவிடாதீர்கள். அது வேறு இனம். அது பாவம், மூலையில் உட்கார்ந்து நகம் கடிக்கும். இவரோ படு சுறுசுறுப்பு. காலையில் எழுந்து பல் தேய்த்ததும் யோசனை கேட்கக் கிளம்பிவிடுவார்.

கேட்பதற்கு ஒரு முறை வைத்திருப்பார். முதலில் உங்கள் தோளில் கை விழும். "உங்க அனுபவத்துக்கு..." என்று ஆரம்பிப்பார். அந்த விஷயத்தில் உங்களுக்கு அனுபவம் துளியும் கிடையாது, அது இரண்டு பேருக்குமே தெரியும், ஆனாலும் உச்சி குளிர்ந்துபோய் எதையாவது சொல்லித் தொலைப்பீர்கள். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அதுவும் சரிதான்" என்பார்.

அந்த 'உம்'மைக் கவனியுங்கள். "அது சரி" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். "அதுவும் சரிதான்" என்றால், உங்களுக்கு முன்னால் ஒருவர் இதற்கு நேர்மாறாகச் சொன்னதும் சரி, உங்களுக்குப் பின்னால் ஒருவர் சொல்லப்போவதும் சரி, ஆக ஊரில் யாரும் தப்பில்லை, ஆகவே இப்போதைக்கு எதுவும் நடக்க வேண்டியதில்லை. ஓர் 'உம்'மைச் சேர்த்தே ஒருவர் காலத்தை நிறுத்த முடியுமென்றால் தமிழுக்கு என்ன சக்தி பாருங்கள்!

இந்த இனத்தின் உயர்ந்த ரகம் ஒன்று எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் பெரியப்பா மகன். அண்ணன் கீழ்வீடு, நான் மாடிவீடு. அண்ணி துணிக்கடையில் அளவு திருத்தும் பிரிவில் தைக்கிறார். ஒருநாள் கடையின் பின்வாசலில் யாரோ செருப்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் போன முயல்குட்டி ஒன்றைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னங்கால் இரண்டும் பிறவியிலேயே வாத்துத் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் விரிந்து கிடந்தன. ஒரு கண்ணில் பார்வை இல்லை. வைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரை ஒற்றைக் கண்ணால் முறைத்துக்கொண்டு, கொண்டுவந்து வைப்பதையெல்லாம் குறை சொல்லும் முகத்தோடு தின்றுகொண்டிருந்ததால் அண்ணி அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மேனேஜர் ஆண். வயதுக்கு வந்ததும் ஆண் முயலின் புத்தியைக் காட்டி, இருக்கிற இடமெல்லாம் மூத்திரத்தைப் பீய்ச்ச ஆரம்பித்தார். மற்ற முயல்கள் பீய்ச்சிவிட்டுத் தாவிப் போய்விடும். இவரால் நகர முடியாது. தன் ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடிவயிற்றில் முடி கொட்டி, தோல் வெந்து, புண்ணாயிற்று. அண்ணி தினமும் வேலைக்குக் கிளம்புமுன் வெந்நீரும் பஞ்சுமாக உட்கார்ந்து துடைப்பார். அது கத்தத் தெரியாத பிராணி. பல்லை மட்டும் நறநறவென்று கடிக்கும்.

கால்நடை டாக்டர் தூக்கிப் பார்த்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இதுக்கு விதையை எடுத்துடணும். எடுத்தா இந்தப் பீய்ச்சல் குறையும், புண்ணு காயும். மயக்க மருந்துல ஆபத்து கொஞ்சம் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்படியே விட்டா புண்ணு உள்ள இறங்கிடும். அப்புறம் மயக்கம் கொடுக்கவே முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் சொல்லியிருக்கக் கூடாது. யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

அண்ணன் அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் சிக்கல், விஷயத்துக்குப் பெயர் வைப்பது. டாக்டர் சொன்ன வார்த்தையை நாலு பேர் நடுவில் சொல்ல முடியுமா? அதிலும் ஊரில் இருக்கும் தன் அக்காவிடம்? ஆகவே 'குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்' என்று தீர்மானமாயிற்று. குடும்பமே இல்லாத, அதற்கு வழியும் இல்லாத ஒண்டிக்கட்டை முயலுக்குக் குடும்பக் கட்டுப்பாடு!

அக்கா தொலைபேசியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏன்டா, கால் இல்ல, கண்ணு இல்ல, பாவம் அதுக்குன்னு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கணுமா?"

"அதுவும் சரிதான்" என்றார் அண்ணன்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இயற்கையோடு மோதக்கூடாது என்று அரைமணி நேரம் விளக்கினார். அவர் வாயில் இருந்த பல் வாங்கியது, கண்ணில் இருந்த லென்ஸ் வைத்தது, முழங்கால் போன வருஷம் மாற்றியது. அதுவும் சரிதான். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு, "ஆம்பளைக்கு ஆம்பளை நாம இப்படிப் பண்ணலாமா சார்?" என்று கேட்டு அண்ணனை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்தார். அதுவும் சரிதான். என்னிடமும் வந்தார். "டாக்டர் சொன்னதைச் செய்ங்கண்ணே" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "அவசரப்படாதே" என்றார்.

பிறகு விஷயம் அலுவலகத்துக்குப் போயிற்று. அண்ணனுக்கு மின்விசிறிக் கம்பெனியின் கிடங்கில் வேலை. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே பக்கத்தில் இருந்த கணக்கரிடம் ஆரம்பித்திருக்கிறார். அந்தக் கணக்கருக்கு, அண்ணன் வீட்டில் முயல் இருப்பதே தெரியாது.

"உங்க அனுபவத்துக்குச் சொல்லுங்க. மேனேஜருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாரு."

கணக்கர் கவளத்தைக் கீழே வைத்தார். கண்ணாடி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நம்ம மேனேஜருக்கா?"

"ஆமா. ரெண்டு காலும் சுத்தமா வேலை செய்யல. ஒரு கண்ணு தெரியாது. உட்கார்ந்த இடத்துலயே எல்லாம் போயிடுது. என் வீட்டுக்காரிதான் துடைச்சு விடறா."

"உங்க வீட்டுக்காரம்மாவா?" கணக்கருக்குப் புரையேறியது. இருமி முடித்து, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "பண்ணிடுங்க சார். சீக்கிரம் பண்ணிடுங்க. இது எப்பவோ பண்ணியிருக்க வேண்டியது."

இவ்வளவு ஆணித்தரமான ஆதரவு அண்ணனுக்கு இதுவரை கிடைத்ததில்லை. திரும்பினால் பின்னால் மேனேஜர் நிற்கிறார். அசல் மேனேஜர்.

"யாருக்குய்யா ஆபரேஷன்?"

"எங்க வீட்டு முயலுக்கு சார்."

"முயலுக்கு ஏன்யா மேனேஜர்னு பேரு?"

வேறொருவராக இருந்தால் காலில் விழுந்திருப்பார், இல்லை வேலையை விட்டிருப்பார். கலந்தாலோசிப்பவருக்கு ஆபத்தில் கைகொடுப்பது அவருடைய வியாதியேதான்.

"அது கிடக்கட்டும் சார். உங்க அனுபவத்துக்கு நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மேனேஜர் நின்று யோசித்தார். அவரை அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் மனதாரக் கேட்டதில்லை. கோபம் இறங்கி, முகத்தில் ஒரு களை வந்தது. "இப்போதைக்கு நிறுத்தி வைங்க" என்றார். "அடுத்த மாசம் பார்க்கலாம்."

அதுவும் சரிதான்!

இங்கே எல்லாரும் சரியாக இருந்துகொண்டிருக்க, அங்கே புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. வீட்டு மேனேஜர் கீரையைப் பாதியில் விட ஆரம்பித்தார். ஒரு விடுமுறை நாள் காலை, முன்னொரு காலத்தில் முயல் வளர்த்த ஒருவர் ஊருக்கு வெளியே இருப்பதாகக் கேள்விப்பட்டு அண்ணன் பஸ் ஏறினார். அவர் வளர்த்தது கறிக்கு. "எத்தனை கிலோ இருக்கும்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அதைக் கேட்பதற்காக அண்ணன் போய்க்கொண்டிருந்த வேளையில், அண்ணி கூடையோடு மாடிப்படியில் நின்றார்.

"தம்பி, வண்டி எடுக்க முடியுமா?"

"அண்ணன்கிட்ட..."

"அவர் யோசிக்கிறாரு. யோசிக்கட்டும்."

டாக்டர் வீட்டு முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. முயலை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அண்ணி காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் விரித்திருந்த பழைய துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"பயமா இருக்கா அண்ணி?"

"இல்லாம? கண்ணு முழிக்காமலே போயிட்டா? அது நல்லாத்தானே இருந்துச்சு, இவதான் கொண்டுபோய்க் கொன்னுட்டான்னு ஆயிடும். எனக்கே அப்படித்தான் தோணும்." துண்டை மறுபடி மடித்தார். "ஆகட்டும். யாராவது ஒருத்தர் அதுக்கு ஒத்துக்கணுமில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணன் வீடுவீடாகப் போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது யோசனை அல்ல. நாளைக்கு ஏதாவது ஆனால் பழியில் பங்குபோட்டுக்கொள்ள ஆள். எத்தனை பேர் சேர்ந்தாலும் அவர் பங்கு அவருக்குக் கனமாகவே தெரிந்திருக்கிறது. அண்ணி முழுப் பழியையும் அந்தக் காலிக் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முயல் கண் விழித்தது. "விழிச்சா மட்டும் போதாது, சாப்பிடணும். சாப்பிட்டாத்தான் தேறும்" என்றார் டாக்டர். அண்ணி முள்ளங்கி இலையை மூக்கருகில் நீட்டியபடி இருந்தார். மாற்றி மாற்றி இரண்டு கையாலும் நீட்டினார். வெகுநேரம் கழித்து, ஒற்றைக் கண்ணால் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு, மேனேஜர் ஓரமாகக் கொறித்தார். அண்ணி சத்தம் போட்டே அழுதார்.

சில வாரங்களில் பீய்ச்சல் நின்றது. புண் காய்ந்து, பூனைமுடி மாதிரி மெல்லிசாக முடி முளைத்தது. அண்ணனுக்கு எதுவும் தெரியாது. முயலைப் பற்றி ஊரெல்லாம் பேசியவர் முயலை ஒருநாளும் தூக்கிப் புரட்டிப் பார்த்தவரல்ல. ஒரு மாலை என்னையும் கீழே கூப்பிட்டு உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்.

"எல்லாரையும் கலந்து பேசிட்டேன். ஆபரேஷன் வேண்டாம்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, புண்ணு தானா ஆறிடுச்சு. அன்னிக்கே டாக்டர் பேச்சைக் கேட்டு ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை, நான் அவசரப்படல."

"ஆமாங்க" என்றார் அண்ணி. நூல் ஊசியில் ஏறிவிட்டது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் மைத்துனரையோ பக்கத்து மேசைக்காரரையோ நினைத்துக்கொள்வீர்கள். நினையுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள். நீங்கள் ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தபோதே உங்கள் வீட்டில் ஏதாவது தானாகச் சரியாகியிருக்கிறதா? பையனின் படிப்பு, அப்பாவின் வைத்தியம், முறைத்துக்கொண்டிருந்த இரண்டு உறவுக்காரர்கள்? "நல்லவேளை" என்று நீங்கள் சொன்னபோது, யாராவது தலை நிமிராமல் "ஆமாங்க" என்றார்களா? தானாகச் சரியாவது என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. யாரோ பயந்துகொண்டே போய் முடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். அது யார் என்று வெளியே போய் விசாரித்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கப்போகிற நாலு பேருக்கும் அது முன்பே தெரியும்.